கீரி போட்ட கணக்கு

2025 செப்டம்பர் 22 அன்று ஏசி மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "பத்து பர்சென்ட் குறையுதாம்." குறையவில்லை. வரிக்கு முன் நூறு ரூபாய் மதிப்புள்ள பொருள் முந்தின நாள் வரை 128 ரூபாய்க்கு விற்றது, அன்று 118. நாம் கடையில் எண்ணி வைப்பது 128 என்பதால் அந்தப் பத்து ரூபாயை 128-ஆல் வகுக்க வேண்டும். எட்டுகூட வராது, 7.8தான். ஐம்பதாயிரம் ரூபாய் ஏசிக்கு ஐயாயிரம் குறையும் என்று கணக்குப் போட்டுப் போன எங்கள் மாப்பிள்ளைக்கு 3,900 ரூபாய்தான் குறைத்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருமிக்கொண்டே வந்தார். கடைக்காரர் நேர்மையானவர். மாப்பிள்ளையோ எம்.காம். படித்தவர். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

நான் கும்பகோணத்தில் தபால் துறையில் சம்பளப் பட்டியல் போட்டவன். ஓய்வு பெறும்வரை ஆண்டுக்கு இரண்டு தடவை டி.ஏ. உத்தரவு வரும்; இரண்டு தடவையும் இதே குழப்பம் வரும். 2025 ஜனவரி முதல் அகவிலைப்படி 53-லிருந்து 55 சதவீதமானபோது பென்ஷன் சங்கக் கூட்டத்தில் நடந்த சண்டையைச் சொல்கிறேன். ஒருவர் இரண்டு சதவீதம் உயர்ந்தது என்றார். இன்னொருவர், 25,000 அடிப்படைச் சம்பளக்காரன் கையில் வாங்கியது 38,250, இப்போது வாங்குவது 38,750, ஆக உயர்வு 1.3 சதவீதம்தான், அரசாங்கம் நம் காதில் பூ சுற்றுகிறது என்றார். மூன்றாமவர், படி 13,250-லிருந்து 13,750 ஆகியிருக்கிறது, அது 3.8 சதவீதம் என்றார். ஐந்நூறு ரூபாய் ஒன்றுதான். அடிப்படைச் சம்பளத்தின் மேல் பார்த்தால் இரண்டு, மொத்தத்தின் மேல் பார்த்தால் 1.3, படியின் மேல் பார்த்தால் 3.8. மூவரும் சரியாகச் சொல்லிக்கொண்டே ஒருவரையொருவர் முட்டாள் என்றார்கள்.

சமணர்கள் இதை ஒரு தத்துவமாகவே வளர்த்திருக்கிறார்கள். சியாத்வாதம் என்று பெயர். எந்தக் கூற்றையும் 'ஒருவகையில்' என்ற அடைமொழியோடுதான் சொல்ல வேண்டும், அது எந்த நிலையில் நின்று சொல்லப்பட்டது என்பதை மறைக்கக் கூடாது என்பது அதன் சாரம். சங்கக் கூட்டத்தில் அந்த மூவரும் இந்த அடைமொழியைச் சேர்த்திருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் எனக்கு அந்த இடத்தில் நின்றுவிட முடியவில்லை. எல்லாம் ஒருவகையில் சரிதான் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். போனால், எந்த வகையை யார் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி அங்கேயே கிடக்கும். உத்தரவு போடுகிறவர் தனக்குச் சாதகமான எண்ணின் மேல் சதவீதம் சொல்வார். போராடுகிறவரும் அப்படியே. அடியில் வைக்கும் எண் எது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. அது நியாயத்தைப் பற்றிய கேள்வி. இதை எனக்கு உறைக்க வைத்தது கோயில் கணக்கு.

எங்கள் தெரு அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நிதி திரட்டினோம். கணக்கு எழுதுகிற வேலை வழக்கம்போல என் தலையில். ரைஸ் மில் முதலாளி ஒருவர் ஒரு லட்சம் கொடுத்தார். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் அம்மா ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். ரசீது வேண்டாம் என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் இருவரையும் மனத்துக்குள் பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஊகக் கணக்குத்தான். முதலாளிக்கு மாத வரும்படி பத்து லட்சம் என்று வைத்தால் கொடுத்தது பத்து சதவீதம். பூக்கார அம்மாவுக்கு வியாபாரத்தில் ஒன்பதாயிரம், மாதாமாதம் வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரம், ஆகப் பத்தாயிரம். ஐந்நூறு அதில் ஐந்து சதவீதம். வருமானத்தின் மேல் கணக்குப் போட்டால் முதலாளிதான் இரண்டு மடங்கு தாராளம்! எனக்கே திடுக்கென்றது.

பிறகு அடியில் இருந்த எண்ணை மாற்றினேன். வாடகை, அரிசி, கேஸ், பேரனின் ஸ்கூல் வேன், பூ மொத்த வியாபாரியிடம் வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் போக அந்த அம்மா கையில் மாசக் கடைசியில் மிஞ்சுவது ஐந்நூறு இருக்கலாம். முதலாளி வீட்டுச் செலவு மூன்று லட்சம் என்றாலும் மிஞ்சுவது ஏழு லட்சம். மிச்சத்தின் மேல் பார்த்தால் அவர் கொடுத்தது பதினாலு சதவீதம். அவள் கொடுத்தது நூறு.

மாற்கு சுவிசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கோயில் உண்டியலை இப்படி வெளிப்படையாகக் கண்காணித்த தீர்க்கதரிசி வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. செல்வர்கள் நிறையப் போடுகிறார்கள். ஓர் ஏழை விதவை இரண்டு சிறு காசு போடுகிறாள். எல்லோரையும்விட அவள்தான் அதிகம் போட்டாள் என்கிறார் அவர். அவர்கள் கொடுத்தது மிஞ்சியதிலிருந்து, இவள் கொடுத்தது இல்லாமையிலிருந்து, தன் ஜீவனம் முழுவதையும் என்று காரணம் சொல்கிறார். அடியில் எந்த எண்ணை வைக்கிறேன் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன அரசாணை எதையும் என் சர்வீஸில் நான் படித்ததில்லை.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் என் நண்பர். இந்தக் கதையைச் சொன்னதும் நஸாயீ ஹதீஸ் தொகுப்பில் உள்ள ஒன்றைச் சொன்னார். ஒரு திர்ஹம் ஒரு லட்சம் திர்ஹமை முந்திவிட்டது என்று நபிகள் சொன்னாராம். எப்படி என்று கேட்டதற்கு, ஒருவனிடம் இரண்டே திர்ஹம் இருந்தது, அதில் ஒன்றைக் கொடுத்தான். இன்னொருவன் தன் பெருஞ்செல்வத்தின் ஓரத்திலிருந்து ஒரு லட்சம் எடுத்துக் கொடுத்தான் என்று விளக்கம். "அவன் அம்பது பர்சென்ட் சார்," என்றார் பாய். "உங்க விதவையம்மா நூறு. ஆனா எங்காளு ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு திர்ஹம் வச்சிக்கிட்டான் பாருங்க, அதுவும் முக்கியம்." அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம்மிடமும் இந்தக் கதை இருக்கிறது, மகாபாரதத்தின் அசுவமேத பர்வத்தில். தருமர் யாகம் முடித்து, தானமெல்லாம் கொடுத்து, ஊரே மெச்சிக்கொண்டிருக்கும்போது ஒரு கீரி வருகிறது. அதன் தலையும் பாதி உடம்பும் பொன். இந்த யாகம் குருக்ஷேத்திரத்து ஏழைப் பிராமணன் கொடுத்த ஒரு படி மாவுக்கு ஈடாகாது என்கிறது. அறுத்த வயலில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்கிற குடும்பம் அது. பஞ்ச காலம். பல நாள் பட்டினிக்குப் பிறகு கிடைத்த தானியத்தை மாவாக்கி, கணவன், மனைவி, மகன், மருமகள் என்று நாலு பங்காக்கி உண்ண உட்காரும்போது விருந்தாளி வருகிறான். ஒவ்வொருவராகத் தங்கள் பங்கைக் கொடுக்கிறார்கள். வந்தவன் தருமதேவதை. குடும்பம் சொர்க்கம் போகிறது. அங்கே சிந்தியிருந்த மாவில் புரண்ட கீரிக்குப் பாதி உடம்பு பொன்னாகிறது. மீதிப் பாதிக்காக யாகம் யாகமாக அலைகிறது அது. தருமரின் யாகசாலையில் புரண்டும் ஒரு மயிர்கூட மாறவில்லை.

மூன்று மதம், மூன்று கதை, ஒரே கணக்கு என்று நான் சந்தோஷப்பட்டது உண்மை. ஐரோப்பியர்கள் இதையே சூத்திரமாக எழுதியிருக்கிறார்கள். டேனியல் பெர்னூலி 1738-இல் பீட்டர்ஸ்பர்க் அகாதெமி வெளியிட்ட கட்டுரையில், ஒரு காசு கூடுவதால் ஒருவனுக்குக் கிடைக்கும் பயன் அவனிடம் ஏற்கெனவே இருப்பதற்கு எதிர்விகிதமானது என்றார். ஏழைக்கு ஆயிரம் கிடைப்பதும் செல்வனுக்கு ஆயிரம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பது சந்தைக்குப் போகிற எவருக்கும் தெரிந்த சேதிதான். ஆனாலும் அதை லாகரிதமாக எழுதிக் காட்ட ஒரு பெர்னூலி வேண்டியிருந்தது.

பாயின் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் தொந்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தது. கீரிக் கதையை மறுபடி நிதானமாகப் படித்தேன். முதல் வாசிப்பில் நான் கவனிக்காமல் கடந்துபோன ஒரு விவரம் அதில் இருக்கிறது. கணவன் தன் பங்கை, அதாவது தன்னிடம் இருந்ததில் நூறு சதவீதத்தை, கொடுக்கிறான். விருந்தாளிக்குப் பசி அடங்கவில்லை. மனைவி தன் நூறு சதவீதத்தைக் கொடுக்கிறாள். அடங்கவில்லை. மகன் கொடுக்கிறான். அடங்கவில்லை. மருமகளின் பங்கும் போன பிறகுதான் அவனுக்குத் திருப்தி. கணவனின் தியாகம் முழுமையானதுதான். ஆனால் விருந்தாளியின் வயிற்றில் அது கால் படி மாவு மட்டுமே. வயிற்றுக்குச் சதவீதம் தெரியாது. அதற்கு ஒரு படி வேண்டியிருந்தது, ஒரு படி போன பிறகே அடங்கியது.

அந்தக் கதாசிரியன் யாரோ, இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். கொடுத்தவர்களை விகிதத்தால் அளக்கிறான், வாங்கியவனை அளவால் அளக்கிறான். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பவில்லை. நாம்தான் குழப்புகிறோம்; அதுவும் தலைகீழாக. கொடுப்பவரைத் தொகையால் அளந்து பளிங்குக்கல்லில் பெயர் பொறிக்கிறோம். வாங்குபவருக்குக் கிடைத்ததை மட்டும் சதவீதத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

நூறுநாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தினக்கூலி 294 ரூபாயாக இருந்தது 2024-இல் 319 ஆனது. எட்டரை சதவீத உயர்வு. பத்திரிகையில் படிக்கும்போது வங்கி வட்டியைவிட அதிகமாகத் தோன்றும். கையில் கூடியது 25 ரூபாய். அடுத்த ஆண்டு 336. அது 17 ரூபாய். சிறிய எண்ணை அடியில் வைத்தால் எந்தப் பிச்சையும் பெரிய சதவீதமாகிவிடும். இன்னும் கீழே போனால் சதவீதமே செத்துவிடும். வருமானம் எதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது என்றால் அவள் வருமானம் எத்தனை சதவீதம் உயர்ந்தது? பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அவளுக்குக் கிடைத்ததைச் சொல்ல ஒரே வழி ஆயிரம் ரூபாய் என்று சொல்வதுதான்.

டி.ஏ.வுக்கே திரும்புகிறேன், அது எனக்குப் பழக்கமான மண். ஏழாவது ஊதியக் குழுவின் பட்டியலில் மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், உச்சபட்சம் இரண்டரை லட்சம். இரண்டு சதவீதம் கூடினால் கடைசி வரிசை ஊழியருக்கு 360 ரூபாய், கேபினட் செயலருக்கு 5,000. தக்காளி விலை ஏறியதற்காகக் கொடுக்கிற படி இது. தக்காளி இருவருக்கும் ஒரே விலைதான். முன்பு இப்படி இல்லை. நாலாவது ஊதியக் குழுக் காலத்தில், 3,500 ரூபாய் வரை வாங்குபவருக்கு விலையேற்றம் முழுவதற்கும் ஈடு. அதற்கு மேல் 6,000 வரை 75 சதவீத ஈடு. அதற்கும் மேலே 65. பட்டியல் போடுகிறவனுக்கு அது தலைவலி. மூன்று விதமாகக் கணக்குப் போட வேண்டும், எல்லையில் நிற்பவன் முந்தைய அடுக்கில் உள்ளவனைவிடக் குறைவாக வாங்கிவிடாமல் பார்க்க வேண்டும். ஐந்தாவது குழு எல்லோருக்கும் ஒரே விகிதம் என்று மாற்றியபோது எங்கள் செக்ஷனில் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். மேல்நிலை அதிகாரிகளின் சம்பள மதிப்பு ஆண்டுக்காண்டு கரைந்துகொண்டிருந்தது என்ற அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் விலையேற்றப் படி என்பது சமையல்கட்டுக்குப் போகிற பணம் என்று பார்த்தால், பழைய முறையைப் போட்டவருக்கு அந்தக் கீரிக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நம் முன்னோர் கல்வெட்டுகளில் இந்தக் கணக்குப் பிசகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று சோழர் காலக் கல்வெட்டுகள் அந்த மந்தையைச் சொல்கின்றன. கிழடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. கவனியுங்கள், விளக்குக்குக் கொடுத்தது சதவீதம் இல்லை, உழக்கு. பால் அதிகம் கறந்த ஆண்டில் இடையர் குடும்பத்துக்கு லாபம், குறைந்த ஆண்டில் சிரமம்; விளக்குக்கு என்றும் உழக்கு. அதே கோயிலில் காசாக வைத்த முதலை ஊர்ச்சபைகளிடம் ஆண்டுக்குக் காசுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, வட்டிக்குக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். கடன் வாங்கிய சபையிடம் விகிதம் பேசினார்கள், எரிகிற திரியிடம் அளவு பேசினார்கள். நம் காலத்துக் கட்டளைகளைப் பாருங்கள். தாத்தா காலத்தில் ஆயிரம் ரூபாய் வங்கியில் போட்டு, வட்டியில் ஆண்டுக்கொரு நாள் பால் அபிஷேகம் என்று எழுதிவைத்தார்கள். இன்று அந்த வட்டியில் ஒன்றிரண்டு லிட்டர் பால் வாங்கலாம், முடிந்தால். எழுதியவர் பாலை எழுதாமல் ரூபாயை எழுதியதன் வினை.

ஜகாத் பற்றிப் பாய் சொன்னதும் இங்கேதான் பொருந்துகிறது. ஜகாத் இரண்டரை சதவீதம் என்று எல்லோருக்கும் தெரியும். எதன் மேல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வருமானத்தின் மேல் அல்ல. குறைந்தபட்ச அளவு ஒன்று இருக்கிறது, தங்கமானால் சுமார் 85 கிராம். அதற்குக் குறைந்தவன் கொடுக்க வேண்டியதில்லை, வாங்கவும் தகுதி இருக்கலாம். அந்த அளவை எட்டி ஒரு சந்திர ஆண்டு கையில் தங்கிய செல்வத்துக்குத்தான் கணக்கு. ஆக, மாற்குவில் இயேசு பார்த்த அதே எண், மிச்சம். விளைச்சலுக்கு வேறு விகிதம். மழையில் தானாக விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. புதையல் கிடைத்தால் ஐந்தில் ஒன்று. 20, 10, 5, 2.5 என்று உழைப்புக் கூடக் கூட விகிதம் பாதி பாதியாக இறங்குகிறது. டெல்டாவில் ஆற்றுப் பாசனத்துக்கும் பம்புசெட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதன் நுட்பம் புரியும். மண்ணும் வானமும் எவ்வளவு செய்தன, நீ எவ்வளவு செய்தாய் என்று கேட்டுவிட்டு விகிதம் சொல்கிற வரி இது. பாய் இதைச் சொல்லிவிட்டு, "ஆனா ஜமாத் பொதுநிதியான பைத்துல்மால்ல அரிசி கொடுக்கும்போது பர்சென்ட் எல்லாம் பார்க்க மாட்டோம் சார், வீட்ல எத்தனை பேருன்னுதான் கேப்போம்," என்றார்.

இதற்கெல்லாம் எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானது. என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதியின் ரசிகை. அவர் 1971-இல் கிழக்கு வங்க அகதிகளின் துயரத்தை முன்வைத்து எழுதி 1972-இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. குளத்தில் குழந்தை மூழ்குவதைப் பார்த்தால் சட்டை நனைவதைப் பற்றி யோசிக்காமல் இறங்குவோம். தூரதேசத்தில் சாகிற குழந்தைக்கும் அதே கடமைதான் என்பது அவர் வாதம். 1971-இலேயே நம் தபால்களில் அந்த அகதிகள் நிவாரணத்துக்கென்று ஐந்து பைசா தலை தனியாக ஒட்ட வேண்டியிருந்தது. எழுதுபவர் பணக்காரரோ ஏழையோ, அதே ஐந்து பைசா. நான் அப்போது பள்ளிச் சிறுவன், அந்தத் தலைகளைச் சேகரித்தேன். மகள் சொல்வது இதுதான்: "அப்பா, கொடுத்தவருக்கு எவ்வளவு வலித்தது என்பது குழந்தைக்கு எதற்கு? அது பிழைத்ததா என்று பாருங்கள். பூக்கார ஆயாவின் ஐந்நூறைவிட மில் ஓனரின் லட்சம் இருநூறு மடங்கு சாப்பாடு போடும். உங்கள் மூன்று கதையும் கொடுப்பவருக்குச் சொர்க்கத்தில் சீட்டு கிழிக்கிற கதை."

அவள் சொன்னதில் முக்கால்வாசியை ஒப்புக்கொள்கிறேன். கிலோ ஐம்பது என்று வைத்தால் லட்சத்துக்கு 2,000 கிலோ அரிசி, ஐந்நூறுக்குப் பத்து கிலோ. அன்னதானப் பந்தியில் உட்காருகிறவன் அரிசி யாருடையது என்று கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஒப்புக்கொள்ளாத கால்வாசி இது: யாரிடம் இன்னும் கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது என்பதை அவள் கணக்குச் சொல்லாது. கிலோவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் லட்சம் கொடுத்தவர் தன் பங்கு முடிந்தது என்று மாலையோடு வீட்டுக்குப் போய்விடுவார். ஐந்நூறு கொடுத்தவளிடம் அடுத்த ஆண்டும் ரசீதுப் புத்தகத்தை நீட்டிக்கொண்டிருப்போம்.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். வாங்குவது யார்? திருநின்றவூர்ப் பூசலார் பொருள் கிடைக்காமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில் கற்றளி கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, இறைவன் கனவில் வந்து, அன்று பூசலார் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்றானாம். ஒரு செங்கல்கூட இல்லாத கோயில். சிவனுக்குச் செங்கல் தேவையில்லை என்பதால் அந்தக் கணக்குச் செல்லுபடியாயிற்று. குறையொன்றும் இல்லாதவன் வாங்கும்போது அளவு பூஜ்யமாகவே இருக்கலாம், கொடுத்தவனின் முழுமை போதும். பூசலார் மனத்துக்குள் அன்னதானம் செய்திருந்தால் பந்தியில் ஒருவர் வயிறும் நிறைந்திருக்காது. கடவுளுக்குக் கொடுப்பதற்கும் பசித்தவனுக்குக் கொடுப்பதற்கும் ஒரே பேரேட்டில் பற்று வைக்க முடியாது. நம் கோயில் கமிட்டிகள் அதைத்தான் செய்கின்றன.

இப்போது அந்த விதவையை மறுபடி பார்க்கிறேன். அவள் போட்டது ஆலயத்துக்கு. ஆலயத்துக்கு அந்த இரண்டு காசு இல்லாமல் எந்த விளக்கும் அணைந்திருக்காது. ஆனால் அவள் ராத்திரி என்ன சாப்பிட்டாள்? சுவிசேஷம் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில், இந்தக் காட்சிக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்று வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்கியதும் அந்த ஆலயம் கல்லின் மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் வைத்துப் படித்தால் அவர் அவளைப் புகழ்ந்தார் என்பதைவிட, அவளிடமிருந்து இதையும் வாங்கிவிட்டார்களே என்று நொந்தார் என்று தோன்றுவதாகச் சில விளக்கவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். என் நண்பரான ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஞாயிறுதோறும் திருச்சபைக்குப் போகிறவர். அவருக்கு இந்த விளக்கம் பிடிக்காது. நாற்பது வருஷமாகக் காணிக்கைப் பிரசங்கத்தில் கேட்ட கதையை இப்படித் திருப்பினால் எப்படி என்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. அவளைக் கொடுப்பவர் வரிசையில் நிறுத்தி நூறு சதவீதம் என்று மார்க் போட்டுக் கொண்டாடும் அவசரத்தில், அவள் நிற்க வேண்டியது வாங்குபவர் வரிசை என்பதை மறந்துவிடுகிறோம். நூறு சதவீதம் கொடுத்தவருக்கு மீதி எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் கால்குலேட்டர் வேண்டியதில்லை. ஒரு திர்ஹமைக் கையில் வைத்துக்கொண்ட மனிதனைப் பாய் ஏன் அப்படி அழுத்திச் சொன்னார் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

கும்பாபிஷேகக் கமிட்டியில் நான் இரண்டு தீர்மானம் கொண்டுவந்தேன். உபயதாரர் பலகையில் தொகை போட வேண்டாம், அகர வரிசையில் பெயர் மட்டும் போதும் என்பது ஒன்று. அன்னதானக் கணக்கை வசூல் எத்தனை சதவீதம் கூடியது என்று போடாமல், எத்தனை கிலோ அரிசி, எத்தனை இலை என்று போட வேண்டும் என்பது இன்னொன்று. பொருளாளர் முதல் தீர்மானத்தைக் கேட்டதும் சிரித்தார். "தொகை போடலைன்னா எவன் சார் லட்சம் கொடுப்பான்? அப்புறம் உங்க ரெண்டாவது தீர்மானத்துல எழுத அரிசியே இருக்காது." அவர் சொன்னது என் மகளின் வாதம்தான், கும்பகோணத்துப் பேச்சில். கையைத் தூக்கச் சொன்னபோது என்னோடு சேர்த்து மூன்று கை. தீர்மானம் தோற்றது. இரண்டாவது ஒருமனதாக நிறைவேறியது, யாருக்கும் அதில் செலவில்லை என்பதால்.

பலகை வந்துவிட்டது. லட்சம், ஐம்பதாயிரம், பத்தாயிரம் என்று எழுத்து சிறுத்துக்கொண்டே போய் ஐயாயிரத்தோடு நின்றுவிடுகிறது. பூக்கார அம்மா அதன் கீழேதான் கடை போடுகிறார். மண்டலாபிஷேகம் நடக்கும் நாற்பத்தெட்டு நாளும் மதியப் பந்தி உண்டு. அம்மா கடையைப் பேரனிடம் விட்டுவிட்டு முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். இலைக்கணக்கில் அவரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அடுத்த ஆண்டு ரசீதுப் புத்தகத்தை அவரிடம் நீட்டுவதா வேண்டாமா என்று பொருளாளருக்கும் எனக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது. அவரிடமே கேட்டுவிடலாம் என்று பொருளாளர் சொல்கிறார். கேட்டால் அவர் கொடுத்துவிடுவாரே என்பதுதான் என் ஆட்சேபம்.